கோப்பெருஞ்சோழன் மக்கள்

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழனைப் பற்றிய பாடல்களைக் கற்பிக்காத தமிழாசிரியர் இரார். உறையூரிலிருந்து ஆண்ட சோழன் ஒருவன். பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார் என்னும் புலவர் ஒருவர். ஒருவரையொருவர் கண்டறியாத இவ்விருவரும் உணர்ச்சியால் ஒன்றுபட்டனர். அரசன் வடக்கிருந்த செய்தி கேட்டுப் புலவர் வந்து சேர்ந்து தாமும் உயிர் துறந்தார். நட்புக்கு இதனினும் சிறந்த சான்று எங்கே உண்டு என்று கேட்டுப் பாடத்தை முடிப்பது நம் வழக்கம்.

இவ்வழக்கம் இன்று தோன்றியதன்று. நட்புக்குப் பழக்கம் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் கருத்துடைய குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார். பாவேந்தர் பாரதிதாசன் இவ்வரலாற்றை நாடகமாக்கிப் புலவர் பெயரையே அதற்குச் சூட்டினார். அவர் மறைவுக்குப் பின், 1969இல், அந்நூல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. ஆக, உரையாசிரியர் முதல் நாடக ஆசிரியர் வரை அனைவரும் நட்பு என்னும் ஒரே வாயில் வழியாகவே இக்கதைக்குள் நுழைந்துள்ளனர். யானும் பல்லாண்டு அவ்வழியே நுழைந்தவன்.

சென்ற ஆண்டு ஜூரோங் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், இலக்கியம் பயிலும் உயர்நிலை மாணவர்க்கு இப்பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“ஐயா, அந்த அரசருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என்ன சண்டை?”

“அரசுரிமைக்காக எழுந்த சண்டை” என்றேன்.

“அது அப்பா பக்கத்துக் கதை ஐயா. பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?”

எனக்கு விடை தெரியவில்லை. நேரமாயிற்று என்று கூறி வகுப்பை முடித்தேன். ஆசிரியர்க்குக் கடிகாரம் செய்யும் உதவிகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் அன்றிரவே நூலை எடுத்து வைத்துக்கொண்டு, 212 முதல் 223 வரையுள்ள பாடல்களை மீண்டும் படித்தேன்.

மக்களைப் பற்றிப் பேசும் பாடல் 213 ஆவது. புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது. அதன் அடிக்குறிப்பு, தன் மக்கள்மேல் போருக்கு எழுந்தவனாகச் சோழனைக் காட்டுகின்றது. பாட்டோ, மக்கள் இருவரும் அவனை எதிர்த்து வந்தவர் என்கின்றது. முதலில் எழுந்தவர் யார்? அடிக்குறிப்பையும் பாட்டையும் சேர்த்துப் படித்தால் இருபுறமும் எழுந்தனர் என்பதற்குமேல் ஒன்றும் துணிய இயலவில்லை. குடும்பச் சண்டைகள் பலவற்றிலும் நிலைமை இதுதானே.

எயிற்றியனாரின் பேச்சு சந்து செய்விக்க வந்த சான்றோர் ஒருவரின் பேச்சு. எதிர்த்து வந்த இருவரும் உனக்குத் தொன்றுதொட்ட பகைவர் அல்லர். நீயும் அவர்க்கு அத்தகைய பகைவன் அல்லை என்று தொடங்குகிறார். நீ புகழெய்தி மேலுலகம் சென்றபின் இவ்வரசு அவர்க்கே உரியது, அதனை நீயும் அறிவாய் என்கிறார். பின்னர் இரண்டு வழிகளையும் அடைத்து விடுகிறார். ஆராயாது எழுந்த அவ்விளையோர் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்றாலோ உன்னை விரும்பாத பகைவர் மகிழ்வர். வென்றாலும் இழப்பு, தோற்றாலும் இழப்பு. ஆதலின் மறம் ஒழிக, நல்வினை செய்க என்று முடிக்கிறார்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. புலவர் இளையோரை ஆராய்ச்சியில்லாதவர் என்றே குறிக்கிறார். சினந்து நிற்கும் தந்தையின் செவியில் ஒரு சொல் ஏறவேண்டுமானால் அவ்வளவு விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். எனினும் அவர்தம் உரிமையை அவர் மறுக்கவில்லை. நாடு அவர்க்குரியது என்பதில் தந்தைக்கும் ஐயமில்லை, மக்களுக்கும் ஐயமில்லை, புலவர்க்கும் ஐயமில்லை. எனவே சண்டை உரிமை பற்றியதன்று, காலம் பற்றியது. ‘எனக்குப் பின்’ என்கிறார் தந்தை. ‘இப்போது’ என்கின்றனர் மக்கள். முதியோர்க்கும் இளையோர்க்கும் இடையே எழும் வழக்குகளில் பெரும்பாலானவற்றை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்தக் கால வழக்கே என்பது என் கருத்து.

மாணவியின் வினாவுக்கு வருவோம். மக்கள் கூற்றாக அமைந்த பாடல் புறநானூற்றில் ஒன்றுமில்லை. அவர்தம் பெயர்கள்கூட அப்பாடல்களில் இல்லை. இதனை எதிர்பார்த்தே நூலை எடுத்தேன். எதிர்பாராதது வேறொன்று. கோப்பெருஞ்சோழன் தானே பாடிய 214, 215, 216 ஆகிய மூன்று பாடல்களிலும் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்வினை செய்தலின் சிறப்பைத் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். பிசிரோன் வருவான் என்கிறான். அவனுக்கு என் அருகில் இடம் ஒதுக்குங்கள் என்கிறான். தன்னை இந்நிலைக்குக் கொண்டுவந்த மக்களைக் குறைகூறவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ‘அது அப்பா பக்கத்துக் கதை’ என்று அம்மாணவி கூறியதும் பொருந்தாது போயிற்று. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நம் கையிலிருப்பது ஊரார் சொன்ன கதை.

இந்த மௌனத்துக்கு நடுவே 222 ஆம் பாடல் நிற்கிறது. பொத்தியார் என்னும் புலவர் சோழனுடன் தாமும் வடக்கிருக்க முனைந்தவர். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா என்று சொல்லி அவரைத் திருப்பியனுப்பினான் சோழன். பின்னாளில் பொத்தியார் அவனது நடுகல்லின் முன் வந்து நின்று, அன்பில்லாதவனே, அன்று என்னைப் போகச் சொன்னாயே, எனக்குரிய இடம் யாது என்று கேட்கிறார். பொத்தியாரின் அன்பைப் போற்றாத ஆசிரியர் இல்லை. ஆனால் திருப்பியனுப்பியவன் எத்தகைய தந்தை என்பதை எண்ணிப் பார்த்தோமா? தன் மக்களால் நெஞ்சுடைந்து சாகக் கிடப்பவன், இன்னொருவன் மகன் தந்தை முகம் காணாமல் பிறக்கலாகாது என்று கருதுகிறான். மக்களைப் பற்றி அவன் பேசிய ஒரே பேச்சு இதுவே. அதுவும் பிறர் மகனைப் பற்றியது, பிறர் பாட்டில் பதிந்தது.

பிசிராந்தையாரின் 191 ஆம் பாடலை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்க்கு அவர் கூறிய விடை அது. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், இளையர் என் எண்ணம்போல் ஒழுகுபவர், வேந்தன் முறையல்லாதன செய்யாது காப்பவன், என் ஊரில் சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்கிறார். நல்வாழ்வு என்பது ஒருவன் தனியே சமைத்துக் கொள்வதன்று. வீடும் அரசும் ஊரும் கூடித் தருவது என்னும் கருத்து இதனுள் இருக்கிறது. நன்மக்களைப் பெற்று நரையின்றி வாழ்ந்த ஒருவரும், மக்களோடு மாறுபட்ட ஒருவனும் ஒரே இடத்தில் உண்ணாதிருந்து உயிர் விட்டனர். இந்த முரண் நம் பாடக்குறிப்புகளில் இடம்பெறுவதே இல்லை.

எனினும் அப்பாட்டில் எனக்கு ஒரு தடை உண்டு. இளையர் என்பதற்கு ஏவலர் என்பதே உரைவழக்கு. அதனை ஏற்போம். ஏவலர் தலைவனின் எண்ணத்தை ஒட்டி நடத்தல் அழகாகலாம். வயதில் இளையராகிய நம் மக்களிடமும் அதனையே எதிர்பார்க்கலாமா? ‘நான் நினைப்பதையே என் மகனும் நினைக்கிறான்’ என்பது முதியோர் பலரின் இன்பக் கனவு. வள்ளுவர் அக்கனவுக்கு இடம் தரவில்லை. தம்மினும் தம் மக்கள் அறிவுடையராதல் தமக்கு இனிதாவதினும் உலகத்துக்கே இனிது என்பது அவர் கொள்கை. மகன் தந்தையை ஒத்திருத்தலை அன்று, தந்தையைக் கடந்து நிற்றலை அவர் விரும்பினார். மேலும் அவ்வதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்யவேண்டியது முன்னும், மகன் தந்தைக்குச் செய்யவேண்டியது மூன்று குறள் கழித்துப் பின்னும் வருகின்றன. நாமோ பின்னதை மேடைதோறும் முழக்கி முன்னதை மெல்லச் சொல்கிறோம்.

நிற்க. அம்மாணவியின் வினா ஜூரோங்கில் எழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டபோது ஜூரோங் சதுப்பும் குன்றும் காடுமாகக் கிடந்த நிலம். நிதியமைச்சர் கோ கெங் சுவீ அங்கே தொழிற்பேட்டை அமைக்க முனைந்ததைச் சிலர் ‘கோவின் மடமை’ என்று எள்ளினர். குன்றுகளை வெட்டிச் சதுப்பைத் தூர்த்தனர். 1962இல் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்துக் கப்பல் பட்டறை வந்தது. வேலைக்கு வந்தவர்களும் தொடக்கத்தில் அங்கே குடியிருக்க விரும்பவில்லை. கடையும் பள்ளியும் பிற வசதிகளும் வந்து சேர ஆண்டுகள் பல ஆயின.

என் தந்தையார் அங்கே ஓர் ஆலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர். அப்படிப்பு தமக்கு வேலைச் சந்தையில் உதவவில்லை என்னும் மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆதலின் என்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். யான் தமிழாசிரியனாகப் போகிறேன் என்றபோது, “தமிழ் படித்து நான் கண்டதென்ன, நீ காணப்போவதென்ன?” என்று கேட்டார். பின்னர்ச் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. யானும் பேசவில்லை. அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பதை அவர் இருக்கும்போதே நான் கேட்டிருக்கலாம்.

அவரைப் போன்றோர் பல்லாயிரவர். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். கடைசியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியாயிற்று. சீனர்க்கும் இத்தகைய வருத்தம் உண்டு. ரப்பர் வணிகர் முதல் ரிக்‌ஷா மிதித்தவர் வரை பணம் கொடுத்து 1955இல் ஜூரோங்கில் தோற்றுவித்த நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் மற்றொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதே நிலத்தில் இன்று நிற்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துள் அமைந்த தேசியக் கல்விக் கழகத்திலேதான் நம் தமிழாசிரியர் பயிற்சி பெறுகின்றனர்.

2020 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியருள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் பத்தில் ஆறு பேர் அளவினர். தமிழ் பேசுவோர் பத்தில் மூவருக்கும் குறைவு. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் போக்கு தெளிவானது. ‘பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை’ என்று விழாமேடையில் முதியோர் வருந்தும்போது எனக்கு எயிற்றியனார் நினைவு வருகிறது. யாருக்கு விட்டுச் செல்வாய் என்று அவர் கேட்டது செல்வத்தைப் பற்றி மட்டுமா? பிள்ளையின் நல்வாழ்வுக்காக ஆங்கிலத்தைத் தேர்ந்தவர் பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே. அத்தேர்வை நான் குறைகூறேன். அவர் நிலையில் இருந்திருந்தால் யானும் அதையே செய்திருப்பேன். ஆனால் தாம் விதைத்ததை அறுத்த பிள்ளைகள்மேல் குற்றம் சுமத்துதல் நடுநிலையாகாது.

இளையோரும் வாளா இருப்பதில்லை. “நாங்கள் சேற்றில் நின்று கட்டிய ஊர் இது” என்கிறார் தாத்தா. “அந்தச் சேற்றுக்கு நாங்கள் எத்தனை ஆண்டு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்?” என்கிறான் பேரன். இதனை நன்றிகேடு என்று முடிவுகட்டுமுன், அவன் கட்டுரைகளில் எழுதுவதைப் படிக்கவேண்டும். தேர்வு, மீண்டும் தேர்வு, ஆண்பிள்ளையானால் இரண்டாண்டு தேசிய சேவை, வேலை, பின் வீடு. மணமாகாதவர் தனியே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அதுவரை பெற்றோர் வீட்டு அறையே அவர்க்கு நாடு. இவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. சிறிய நிலப்பரப்பும் குடும்பத்தை முதன்மையாகக் கொண்ட கொள்கையும் அவற்றின் பின்னே உள்ளன. ஆயினும் இளைஞனின் செவியில் விழுவது ‘பிறகு’ என்னும் ஒரே சொல்தான். சோழன் மக்கள் கேட்ட சொல்லும் அதுவே.

அதே ஜூரோங்கில், தொழிலாளர் விடுதிகளில், வேறு இளைஞரும் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கூட்டமாக நிற்பவர்கள். முகவர்க்குக் கொடுக்கும் பணத்துக்காகத் தந்தையர் பலர் நிலத்தை அடகு வைத்து அவர்களை அனுப்பியிருக்கின்றனர். இங்கே கதை தலைகீழ். தந்தை உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிட்டார். அதனை மீட்கும் கடனோடு மகன் கப்பல் பட்டறையில் நிற்கிறான். அவனுடைய நல்வாழ்வும் ‘பிறகு’தான். என் மாணவர்கள் அவ்விளைஞரைப் பேருந்தில் நாள்தோறும் காண்கின்றனர். பேசிப் பார்த்தவர் சிலரே.

சட்டமும் இவ்வழக்கினுள் புகுந்தது. நியமன நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வால்டர் வூன் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத, 60 வயது நிரம்பிய பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்தை அணுகலாம். இந்தியாவிலும் 2007இல் இத்தகைய சட்டம் வந்தது. திருக்குறள் ஓதும் இனத்துக்கு இப்படியொரு சட்டமா என்று நம்மவர் சிலர் நாணினர். நாணத் தேவையில்லை. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யற்க என்னும் குறளின் உரையில் பரிமேலழகர் பழைய அறநூல் விதியொன்றை எடுத்துக் காட்டுகிறார். முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழவியும் பசியால் வருந்தினால் தீயன செய்தாயினும் காக்க என்பது அவ்விதி. அக்காலத்திலும் இது விதி எழுதி வலியுறுத்த வேண்டிய செய்தியாகவே இருந்தது போலும்.

அச்சட்டத்தில் என்னைக் கவர்ந்த பகுதி வேறு. தந்தையோ தாயோ முன்னர்ப் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், துன்புறுத்தியிருந்தால், புறக்கணித்திருந்தால், மன்றம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்று தொடக்கத்திலேயே அதில் இடமிருந்தது. 2010இல் முதலில் இருசாராரையும் இணங்கச் செய்ய முயலவேண்டும் என்று திருத்தினர். 2023இல், பிள்ளைக்குக் கொடுமை செய்ததாகப் பதிவுள்ள பெற்றோர் மன்றத்தின் அனுமதி பெற்ற பின்னரே வழக்கிடலாம் என்று ஆக்கினர். அதாவது, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று சட்டம் கேட்டது; மேலும் மேலும் செவ்வையாகக் கேட்கக் கற்றுக்கொண்டது. இலக்கியம் கற்பிக்கும் நாம் அதனைக் கேட்கவில்லை.

தமிழ் மரபு இளையோர்க்கு வாய்ப்பூட்டு இட்டது என்று நான் சொல்ல வருவதாக எவரும் கொள்ளற்க. அகத்துறையில் கதவு திறந்தே இருக்கிறது. கலித்தொகையின் 9 ஆம் பாடலில், காதலனோடு சென்ற மகளைத் தேடி வரும் செவிலியை முக்கோற் பகவர் வழியில் காண்கின்றனர். சந்தனம் பூசுவார்க்கன்றி அது பிறந்த மலைக்குப் பயன்படுமோ, முத்து அணிவார்க்கன்றி அது பிறந்த நீருக்குப் பயன்படுமோ, இசை முரல்வார்க்கன்றி அது பிறந்த யாழுக்குப் பயன்படுமோ என்று கேட்டு அவளைத் திருப்பியனுப்புகின்றனர். பெற்றவர் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதியோர் வாயாலேயே முதியோர்க்குச் சொல்லிய பாட்டு அது. நற்றிணை 110இல், பொற்கலத்துப் பாலுணவையும் மறுத்து ஓடிய செல்வச் சிறுமி, கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், வேளை தவறி உண்டு வாழ்கிறாள். தன் வாழ்வு தன்னுடையது என்னும் மிடுக்கு அவளிடம் இருக்கிறது.

புறத்திலும் 312 ஆம் பாடல் உண்டு. பொன்முடியார் அதில் ஐந்து கடமைகளை அடுக்குகிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய நால்வரும் இளைஞனுக்குத் தரவேண்டியவை முன்னே வருகின்றன; போர்க்களத்தில் இளைஞன் செய்யவேண்டியது இறுதியில் வருகிறது. வேந்தன் கடமையைச் சொல்லுமிடத்தில் ‘நன்னடை’ என்றும் ‘தண்ணடை’ என்றும் இருவேறு பாடங்கள் உள. முன்னது நல்லொழுக்கம், பின்னது வீரர்க்கு அளிக்கும் மருதநிலத்து ஊர். நம் பாடநூல்கள் நன்னடையையே கொள்கின்றன. அது ஏற்ற பாடமாகவும் இருக்கலாம். எனினும் இளைஞனுக்கு அரசு தரவேண்டியது அறிவுரையா, நிலமா என்னும் வினா சில எழுத்துகளின் வேறுபாட்டில் தங்கியிருப்பதை மாணவர்க்குக் காட்டாமல் விடுவது பாடத்தின் சுவையையே விடுவதாகும். ஜூரோங் மாணவர்கள் தயங்காமல் தண்ணடையைத் தேர்ந்தனர். அவர்க்குச் சுவடியியல் தெரியாது. வீட்டு விலை தெரியும்.

ஆகவே கோப்பெருஞ்சோழனை நட்புப் பாடமாக மட்டும் நடத்தும் முறையை மாற்றிப் பார்த்தேன். 213 ஆம் பாடலை முதலில் எடுத்தேன், அடுத்து 222, அதன்பின் 191, ஈற்றில் 215உம் 216உம். பின், சோழன் மக்கள் கூற்றாக ஒரு பக்கம் எழுதி வருமாறு சொன்னேன். ஒரு மாணவனின் தந்தை தொலைபேசியில் அழைத்து, “இது தேர்வில் வருமா ஐயா?” என்று கேட்டார். வராது என்றேன். அவர் வருந்தினார்.

எழுதி வந்தவை பலவகை. சிலர் திரைப்பட உரையாடல் எழுதினர். ஒருவன், எங்களுக்கு முழு நாடும் வேண்டாம், ஒரு சிறு பகுதியை ஆண்டு பழகக் கேட்டோம். அப்பா பிறகு என்றார், அந்தப் பிறகு எப்போது என்று அவர் சொல்லவேயில்லை என்று எழுதியிருந்தான். முதலில் வினா எழுப்பிய மாணவி அரைப் பக்கமே எழுதியிருந்தாள். அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மக்கள் இருவரும் ஆற்றங்கரைக்கு ஓடி வருகின்றனர். அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மூத்தவன் அங்கே உட்காரப் போகிறான். அது பாண்டிநாட்டிலிருந்து வரப்போகிறவருக்கு ஒதுக்கியது என்று காவலர் சொல்கின்றனர். இருவரும் சற்றுத் தள்ளி நிற்கின்றனர்.

ரகர றகரப் பிழைகள் ஏழு இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்தினேன். எத்தனை மதிப்பெண் இடுவது என்று தெரியாமல் அவ்வேடு இரண்டு நாள் என் மேசைமேல் கிடந்தது.